ஸ்மார்ட் சிட்டி பணியாளர் பயிற்சி: பாடத்திட்டம் பழுதுப் பதிவேட்டில் இருக்கிறது

மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிகிறது. கட்டுப்பாட்டு அறைத் திரையோ தொட்டி காலி என்கிறது. அதை நம்பி பம்பு நிற்காமல் ஓடுகிறது. மட்டம் பார்க்கும் சென்சாரிலிருந்து வரும் இரண்டு ஒயரில் ஒன்று டெர்மினலில் லூஸ். விஷயம் அவ்வளவுதான். ஸ்க்ரூவை அரைச் சுற்று முடுக்கினால் தீர்ந்தது. ஆனால் அந்த ஸ்க்ரூ வரை போய்ச் சேர மூன்று நாள் ஆகும், நான்கு பேர் வந்து பார்ப்பார்கள், சென்சார் கம்பெனிக்கு மெயில் போகும், புது சென்சாருக்கு எஸ்டிமேட் கூடப் போட்டுவிடுவார்கள்.

இந்தச் சென்சார்களில் பல, லூப் எனப்படும் இரண்டு ஒயர்ச் சுற்றில் ஓடும் மின்னோட்டத்தால், 4-20 மில்லிஆம்ப் கணக்கில் பேசும். தொட்டி காலி என்றால் 4, நிரம்பினால் 20. காலிக்கு 0 வைக்காமல் 4 வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒயர் அறுந்தால் 0 வரும். காலித் தொட்டியும் அறுந்த ஒயரும் ஒன்றுபோலத் தெரியக்கூடாது. ஆலைத் தானியக்கக் கருவிகளைப் பயன்படுத்துவோர் சேர்ந்த நாமூர் அமைப்பின் என்இ 43 பரிந்துரைப்படி 3.8 முதல் 20.5 வரை வருவதுதான் அளவு. 3.6-க்குக் கீழே இறங்கினாலோ 21-க்கு மேலே ஏறினாலோ அது பழுதுச் செய்தி. மென்பொருளை அமைத்தவர் இதைக் கவனிக்காமல், 4-க்குக் கீழே எது வந்தாலும் 'பூஜ்யம் சதவீதம்' என்று எழுதிவைத்துவிட்டால் மேலே சொன்ன கூத்து நடக்கும்.

கணக்கு எளிது. மல்டிமீட்டரில் வந்த மில்லிஆம்ப் எண்ணில் 4-ஐக் கழித்து, மிச்சத்தை 16-ஆல் வகுத்து, தொட்டியின் உயரத்தால் பெருக்க வேண்டும். 5 மீட்டர் தொட்டியில் 9.6 மில்லிஆம்ப் வந்தால் 5.6-ஐ 16-ஆல் வகுத்து 0.35, அதாவது 1.75 மீட்டர் தண்ணீர். தொட்டிக்குள் அளவு டேப் விட்டு அளந்தால் அதுவே வர வேண்டும். டேப்பும் மீட்டரும் ஒத்துப்போய் திரை மட்டும் வேறு சொன்னால் கோளாறு மென்பொருளில். மீட்டரும் திரையும் ஒத்துப்போய் டேப் வேறு சொன்னால் கோளாறு சென்சாரில். மீட்டரில் 0 வந்தால் கோளாறு ஒயரில் அல்லது பவர் சப்ளையில். மூன்று எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும். ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஃபிட்டருக்கோ எலெக்ட்ரீஷியனுக்கோ இதைச் சொல்லித்தர நாற்பது நிமிடம் போதும். ஆனால் எத்தனையோ பயிற்சித் திட்டங்களின் அட்டவணையில் இந்த நாற்பது நிமிடம் இருக்காது. செயற்கை நுண்ணறிவு பற்றி இரண்டு நாள் இருக்கும்.

பாடம் எங்கிருந்து எடுப்பது

ஸ்மார்ட் சிட்டிக்கான திறன் பயிற்சி என்றாலே 'பொருள்களின் இணையம்: ஓர் அறிமுகம்' என்று தொடங்கி ஐந்து நாள் வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுத்து முடிப்பது வழக்கமாகிவிட்டது. வந்தவர்களுக்குக் கேட்க நன்றாக இருக்கும். திரும்பிப் போய்ப் பேனலைத் திறந்தால் கை ஓடாது. குறை அவர்களிடம் இல்லை. பாடத்தைத் தொழில்நுட்பத்தின் பெயர்ப் பட்டியலிலிருந்து எடுத்ததுதான் குறை. எடுக்க வேண்டிய இடம் பழுதுப் பதிவேடு.

செய்முறை இது. கடந்த ஆறு மாதத்தில் முடித்துவைத்த புகார்களில் கண்ணை மூடிக்கொண்டு 200 எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மேற்பார்வையாளர், களத்தில் வேலை செய்யும் ஒருவர், இரண்டு பேரும் இரண்டு நாள் உட்கார வேண்டும். மேற்பார்வையாளர் மட்டும் உட்கார்ந்தால் எல்லாமே 'ஆளுக்குத் தெரியவில்லை' என்று முடியும். களப்பணியாளர் மட்டும் உட்கார்ந்தால் எல்லாமே 'சாமான் வரவில்லை' என்று முடியும். ஒவ்வொரு புகாரையும் நான்கு கூடைகளில் ஒன்றில் போடுங்கள். போனவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியும், கருவியோ உதிரிப்பாகமோ இல்லை. தெரியும், கருவியும் இருந்தது, பாஸ்வேர்டோ அனுமதியோ இல்லை. சாதனமே அந்த இடத்துக்கு ஒத்துவராதது.

பயிற்சி தேவைப்படுவது முதல் கூடைக்கு மட்டும். மற்ற மூன்றையும் பயிற்சியால் தீர்க்கப் பார்ப்பது தண்ணீரில்லாத குழாய்க்குப் புது டேப் மாட்டுவது போல. மூன்றாவது கூடை பலரும் நினைப்பதைவிடக் கனமாக இருக்கும். கேட்வேயை, அதாவது சென்சார் தரவை மையத்துக்கு அனுப்பும் பெட்டியை, ரீஸ்டார்ட் செய்ய உரிமை உள்ளவர் வேறு அலுவலகத்தில், பகல் நேரத்தில் மட்டும் இருப்பார். இரவு ஷிஃப்டுக்காரருக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் அவரால் அதைச் செய்ய முடியாது.

இந்த வேலையில் இறங்கியதும் ஒரு தடை வரும். புகாரை முடித்தவர் எழுதியிருப்பது இரண்டே சொல்: 'சரி செய்யப்பட்டது'. எதைப் பார்த்தார், எதை அளந்தார், எதை மாற்றினார், ஒன்றும் தெரியாது. ஆகவே முதல் பாடம் எழுதுவது. கண்டது, அளந்தது, மாற்றியது என மூன்று வரி. 'திரையில் 0%. லூப்பில் 0 மில்லிஆம்ப், பேனலில் 24 வோல்ட் இருந்தது. டெர்மினல் 7 லூஸ், முடுக்கியபின் 15.2.' இப்படி எழுதினால் அடுத்த முறை போகிறவருக்கு அதுவே பாடம். எழுதச் சிரமப்படுபவர் வாய்ஸ் நோட் அனுப்பட்டும், ஷிஃப்டில் ஒருவர் அதை எழுத்தில் ஏற்றட்டும். மூன்று மாதம் இப்படிச் சேர்த்த பிறகு 200 எடுத்தாலும் தவறில்லை.

பயிற்சிப் பலகை

முதல் கூடையில் விழுந்ததைப் பிரித்துப் பார்த்தால் ஐந்தாறு பழுதுகள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றைக் கையால் தொட்டுப் பழக ஒரு பலகை வேண்டும். நான்கு அடிக்கு மூன்று அடி பிளைவுட், நெஞ்சு உயரத்தில். அதில் 24 வோல்ட் டிசி பவர் சப்ளை ஒன்று, இரண்டு ஒயர் மட்ட சென்சார் ஒன்று, அது அளக்க ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாய், களத்தில் இருக்கும் அதே மாடல் ஆர்டியூ அல்லது பிஎல்சி (சென்சார் அளவைப் படித்து பம்பை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி), மாட்பஸ் (சாதனங்கள் தரவு பரிமாறும் மொழி) பேசும் எனர்ஜி மீட்டர் இரண்டு, யூஎஸ்பி கன்வெர்ட்டர், 120 ஓம் ரெசிஸ்டர் மூன்று, மல்டிமீட்டர் மூன்று, அந்த மீட்டர்களுக்கான ஃபியூஸ் தாராளமாக இருபது. கடைசி ஐட்டத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம், காரணம் வருகிறது.

பலகையின் பின்னால் சிறு சுவிட்சுகள். ஒன்றைத் தட்டினால் லூப் அறுபடும். இன்னொன்றைத் தட்டினால், எனர்ஜி மீட்டர்கள் தரவு அனுப்பும் ஆர்எஸ்-485 லைனின் ஒயர் இரண்டும் இடம் மாறும். மூன்றாவது, கூடுதலாக ஒரு ரெசிஸ்டரைக் கோத்துவிடும். பலகை டிப்போவில் இருக்க வேண்டும், கல்லூரியில் அல்ல. ஷிஃப்டு மாறும் நேரத்தில் தேநீர்க் கோப்பையோடு வருகிறவர் சும்மா ஒரு தடவை தட்டிப் பார்ப்பார், அதுவும் கணக்கில் சேரும். ஒரு பலகைக்கு நான்கு பேருக்கு மேல் நின்றால் பின்னால் நிற்பவர் வேடிக்கை பார்ப்பவராகிவிடுவார்.

ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு பழுது. முதலில் திரையைப் பார்த்து 'என்னவாக இருக்கும்' என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு அளக்க வேண்டும், சரிசெய்ய வேண்டும், மூன்று வரி எழுத வேண்டும். ஊகம் சொல்லாமல் நேரே கையை வைக்க விட்டால் எல்லோரும் ஒயரை ஆட்டிப் பார்ப்பார்கள். அதுவும் சில நேரம் பலிக்கும், அதுதான் ஆபத்து.

லூப் கரன்ட் அளப்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் வேலை மீட்டரை எடுப்பது அல்ல, கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து பம்பை மேனுவலுக்கு மாற்றச் சொல்வது. லூப்பைப் பிரித்த கணத்தில் திரைக்கு 0 போகும். ஆட்டோவில் இருந்தால் பம்பு தானாக ஓடும், அல்லது தானாக நிற்கும். அடுத்தது, கரன்ட் அளக்க மீட்டரைத் தொடராக இணைக்க வேண்டும், ஆகவே சிவப்பு ஒயரை மில்லிஆம்ப் துளைக்கு மாற்ற வேண்டும். அளந்து முடிந்தது. இப்போது அடுத்த பேனலுக்குப் போய், ஒயரைத் திரும்ப மாற்ற மறந்து, மெயின்ஸ் வோல்ட்டேஜ் பார்க்க இரண்டு முனையையும் வைத்தால்? மில்லிஆம்ப் துளையில் இருக்கும்போது மீட்டர் ஏறக்குறைய வெறும் ஒயர்துண்டுதான், ஷார்ட் ஆகும். நல்ல மீட்டரில் ஃபியூஸ் போகும், மட்டமான மீட்டர் கையிலேயே வெடிக்கும். இருபது ஃபியூஸ் வைத்தது இதற்காக. பலகையில் குறைந்த வோல்ட்டேஜில் இந்தத் தவறை ஒரு தடவை செய்து ஃபியூஸை ஊதவிட்டவர் களத்தில் அதை மறப்பது அபூர்வம். லூப்பைப் பிரிக்கவே கூடாத இடங்களில், உள்ளீட்டில் 250 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் அதன் குறுக்கே வோல்ட்டேஜ் பார்த்தால் போதும். 4-20 மில்லிஆம்ப் அங்கே 1 முதல் 5 வோல்ட்டாக வரும்.

ஆர்எஸ்-485 இன்னொரு தலைவலி. அதன் இரண்டு ஒயருக்கும் ஏ, பி என்று பெயர். ஆனால் ஒரு கம்பெனி ஏ என்பதை இன்னொரு கம்பெனி பி என்னும். ஆகவே 'லேபிள்படிதான் கோத்தேன்' என்பது எதையும் நிரூபிக்காது. இணைப்பு வரவில்லையென்றால் இடம் மாற்றிப் பாருங்கள், ஒன்றும் எரிந்துபோகாது. லைனின் இரு முனையிலும் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். எல்லாச் சாதனத்தையும் ஆஃப் செய்துவிட்டு இரண்டு ஒயருக்கும் இடையே ஓம் பார்த்தால் சுமார் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையில் இல்லை, 40 வந்தால் எவரோ நடுவில் மூன்றாவதைப் போட்டிருக்கிறார். ஓர் அளவில் இத்தனை விஷயம் தெரிவது இந்தத் தொழிலில் அரிது. இரண்டு மீட்டருக்கும் ஒரே முகவரி கொடுத்துவிடுவது இன்னொரு பழுது: தனித்தனியாக இணைத்தால் இரண்டும் வேலை செய்யும், சேர்த்து இணைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லிக் குழப்பும். புது மீட்டர் மாற்றிய மறுநாள் வரும் புகார்களில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் சென்சாருக்கும் ஒரு சுவிட்ச் வையுங்கள். தண்ணீர் மீட்டர், பார்க்கிங் சென்சார் போன்றவற்றில் இருப்பது பெரும்பாலும் 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரி. அதன் குணம் விசித்திரமானது: தீரப்போகும் வரை 3.6 வோல்ட்டே காட்டும். நாள்பட ஸ்டோரில் கிடந்தால் உள்ளே லித்தியத்தின்மேல் ஒரு படலம் கட்டும். சும்மா அளந்தால் வோல்ட்டேஜ் சரியாக இருக்கும், சென்சார் செய்தி அனுப்பக் கரன்ட் இழுக்கும் நொடியில் சரிந்து, சாதனம் ரீஸ்டார்ட் ஆகும். மீட்டர் வைத்துப் பார்த்து 'பேட்டரி நல்லாத்தான் இருக்கு' என்று எழுதிவிட்டு வருவது இப்படித்தான். லோடு கொடுத்து அளக்க வேண்டும், லோடு எவ்வளவு என்பது பேட்டரித் தயாரிப்பாளரின் தாளில் இருக்கும்.

மறதியைக் கணக்கில் சேர்ப்பது

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும் சரிவு செங்குத்து, அதற்குப் பிறகு மெதுவாகும். 2006-இல் ரோடிகரும் கார்பிக்கும் மாணவர்களை வைத்து ஒன்று செய்து பார்த்தார்கள். ஒரு பிரிவு பத்தியை நான்கு முறை படித்தது. இன்னொரு பிரிவு ஒரு முறை படித்து, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61.

ஐந்து நாள் வகுப்பின் கடைசி மணி நேரத்தில் தேர்வு வைத்து 'எல்லோரும் பாஸ்' என்று அறிக்கை அனுப்புகிறவர்கள் இந்த ஐந்து நிமிடத்தைத்தான் அளக்கிறார்கள்.

டிப்போவில் இதற்கு எளிய வழி, அதே பழுதை மூன்றாம் நாள், இரண்டு வாரம் கழித்து, இரண்டு மாதம் கழித்து மறுபடி பலகையில் வைப்பது. ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம். விளக்கிச் சொல்லக் கூடாது, சுவிட்சைத் தட்டிவிட்டு 'கண்டுபிடி' என்று மட்டும் சொல்ல வேண்டும். திணறினால்தான் நல்லது. திணறி மீட்டது நிற்கும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பார்கள். வாரம் 48 மணி நேர வேலையில் இரண்டு மணி நேரம் என்றால் 4 சதவீதம். அது ஷிஃப்டுக்குள் இருக்க வேண்டும். ஷிஃப்டு முடிந்து மாலை ஆறு மணிக்கு என்று வைத்தால் முதல் வாரம் எல்லோரும் வருவார்கள். நான்காவது வாரம் குழந்தையைக் கூட்டிவர வேண்டியவர் நிற்பார், தொலைவிலிருந்து வருபவர் நிற்பார், மிஞ்சுவது ஏற்கெனவே ஓரளவு தெரிந்தவர்கள். இரவு ஷிஃப்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பழுது அதிகம் தேங்குவதும் உதவிக்கு ஆள் இல்லாததும் அந்த ஷிஃப்டில்தான், ஆகவே பலகை முதலில் அவர்களுக்கு.

வயதில் மூத்த பணியாளர்களை 'இவர்களுக்கு டேப்லெட் வராது' என்று ஒதுக்குவது பெரிய நஷ்டம். எந்த வால்வு எந்தத் தெருவில் மண்ணுக்கடியில் இருக்கிறது, எந்த பம்பின் சத்தம் இன்று சரியில்லை என்பதெல்லாம் எந்த டேட்டாபேஸிலும் இல்லை, அவர்கள் தலையில் இருக்கிறது. இளையவரையும் மூத்தவரையும் ஜோடி சேர்ப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் சும்மா சேர்த்துவிட்டால், 'கொடுங்க அண்ணே, நான் போடறேன்' என்று இளையவர் டேப்லெட்டை வாங்கிக்கொள்வார், மூத்தவர் நிம்மதியாக ஒதுங்குவார், ஆறு மாதம் கழித்தும் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. விதி இது: டேப்லெட் மூத்தவர் கையில், இளையவர் வாயால் மட்டும் சொல்லலாம். மறுபக்கம், வால்வு சாவி இளையவர் கையில், மூத்தவர் வாயால் மட்டும் சொல்லலாம். வேலை முதல் மாதம் மெதுவாகத்தான் நடக்கும்; அந்த மாத இலக்கை முன்கூட்டியே குறைத்துவைக்காவிட்டால் மேற்பார்வையாளரே இந்த விதியை முதலில் உடைப்பார்.

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்

கட்டுப்பாட்டு அறைப் பணியாளரின் திறன் வேறு. அவர் கற்க வேண்டியது எந்த எண்ணை நம்பக்கூடாது என்பதை. அலாரம் மேலாண்மைக்கு உலகெங்கும் எடுத்தாளப்படும் ஈஈஎம்யூஏ 191 வழிகாட்டி, சாதாரண நேரத்தில் ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. தெருவிளக்கு, தண்ணீர், கழிவுநீர், கேமரா எல்லாவற்றையும் ஒரே திரையில் கொட்டினால் நிமிடத்துக்கு நான்கு வரும். அந்த இடத்தில் யாருக்கும் பயிற்சி பலிக்காது. கை தானாக 'பார்த்தாச்சு' பட்டனை அழுத்தப் பழகிவிடும். ஆகவே இங்கே பயிற்சி என்பதே அலாரங்களைக் களைவதில் தொடங்குகிறது. ஒரு வாரத்தில் அதிகம் அடித்த பத்து அலாரங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 'இது வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று பணியாளரைக் கேளுங்கள். 'ஒன்றும் செய்ய மாட்டேன்' என்றால் அது அலாரம் அல்ல, தகவல். பட்டியலிலிருந்து நீக்குவதற்கு முன்னால் பொறியாளர் கையெழுத்து வேண்டும், அதை மட்டும் விட்டுவிடக்கூடாது.

அதற்குப் பிறகு பொய் சொல்லும் எண்களின் ரகங்கள். மூன்று மணி நேரம் இரண்டு தசம இடம் வரை அசையாமல் நிற்கும் அளவு பெரும்பாலும் செத்த சென்சாருடையது; உயிருள்ள தண்ணீர் சற்றாவது ஆடும். விலை குறைந்த தூசு சென்சார் ஈரப்பதம் ஏறினால் தூசைக் கூட்டிக் காட்டும், ஏனென்றால் நீரேறி ஊதிய துகள் ஒளியை அதிகம் சிதறடிக்கும். பனி மூட்டமான காலையில் நகரம் முழுக்கச் சிவப்பானால் உடனே அறிக்கை விடக்கூடாது. கார்பன் டை ஆக்சைடு சென்சார்களில் பல, தான் சில நாளுக்கு ஒருமுறையாவது 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) வெளிக்காற்றைப் பார்ப்பதாக எண்ணிக்கொண்டு தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். இரவும் பகலும் ஆள் இருக்கும் அறையில் மாட்டினால் மெல்ல மெல்லக் குறைத்துக் காட்டத் தொடங்கும். மின்காந்த ஃப்ளோ மீட்டருக்குக் குழாய் நிறையத் தண்ணீர் வேண்டும், முன்னால் விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு நேர்க்குழாயும் வேண்டும் என்பது பொதுவான விதி. 200 மில்லிமீட்டர் குழாய் என்றால் ஒரு மீட்டர் நீளம். வால்வை ஒட்டி மாட்டிய மீட்டரின் எண்ணை வைத்துக் 'கசிவு' என்று ஆள் அனுப்பி ரோட்டைத் தோண்டினால் தோண்டினதுதான் மிச்சம்.

வரைபடத்தில் ஒரு தெருவிளக்கு நடுக்கடலில் நின்றால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. தசமத்துக்குப் பின் ஐந்து இடம் இருந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம். மூன்று இடத்தோடு வெட்டிவிட்டால் நூறு மீட்டர் தள்ளித் தேட வேண்டும். ஒரு சாதனம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலும் இன்னொன்று உள்ளூர் நேரத்திலும் பதிந்தால் காரணம் முன்னும் விளைவு பின்னும் என்ற வரிசையே புரண்டுவிடும்.

பலகையில் பழக முடியாதது

கழிவுநீர் மட்ட சென்சார் மாட்ட ஆள்நுழைகுழிக்குள் இறங்குவது, ஸ்மார்ட் சிட்டி வேலைகளில் உயிரெடுக்கக்கூடியது. 'ஒரு சின்ன சென்சார்தானே, அஞ்சு நிமிஷம்' என்று தோன்றுவதுதான் பொறி. முதல் விதி இறங்காமலே வேலையை முடிப்பது: மேலிருந்தே நீட்டி மாட்டும் பிராக்கெட் உண்டு, அதை டெண்டரிலேயே கேட்டு வாங்க வேண்டும். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் கேஸ் டிடெக்டர் விட்டுப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள், எரியும் வாயு அதன் கீழ் வெடிப்பு எல்லையில் (வெடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில்) 10 சதவீதத்துக்குக் கீழ், ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்முக்குக் கீழ். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும். அழுகிய முட்டை நாற்றத்தை வைத்து அளவிடலாம் என்று நினைக்கக்கூடாது. 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துவிடும், நாற்றம் நின்றதும் 'போயிடுச்சு' என்று இறங்குவார்கள். உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் சாவது இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது. ஆகவே மேலிருந்தே இழுக்கும் முக்காலியும் கயிறும் மாட்டாமல் இறங்கக்கூடாது. இதற்கு இரண்டு மாத இடைவெளி, மூன்றாம் நாள் என்ற கணக்கெல்லாம் கிடையாது, ஒவ்வொரு முறை மூடியைத் திறப்பதற்கு முன்னும் முழுதாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

பாஸ்வேர்டுக்குப் பத்து நிமிடம் போதும். 2016-இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அதன் ஆயுதம் தொழிற்சாலையிலேயே வைத்துவிடும் அறுபது சொச்சம் பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள். மாட்டும்போதே மாற்ற வேண்டும். மாற்றியதைப் பேனல் கதவின் உள்பக்கம் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டக்கூடாது.

சான்றிதழ், சம்பளம், ஒப்பந்தம்

வருகைப் பதிவுக்குச் சான்றிதழ் கொடுப்பதை நிறுத்தினாலே பாதி வேலை முடியும். 'பலகையில் வைத்த லூப் பழுதை 20 நிமிடத்துக்குள், யார் உதவியும் இல்லாமல் கண்டுபிடித்து, மூன்று வரி எழுதினார்' என்று ஒரு வேலைக்கு ஒரு சிறு சான்று. ஏற்கெனவே தெரிந்தவர் வகுப்புக்கு வராமல் நேரே சோதனைக்கு வரலாம். பதினைந்து வருடம் பேனலோடு குடித்தனம் நடத்தியவரை 'மின்சாரம் என்றால் என்ன' வகுப்பில் உட்காரவைப்பது அவமதிப்பு. இரண்டு வருடம் கழிந்தால் மறுசோதனை, ஏனென்றால் அதற்குள் சாதனமே மாறியிருக்கும். இத்தனை சான்று சேர்ந்தால் இந்தப் படி என்று சம்பளத்தில் காட்டவில்லையென்றால் மூன்றாவது சான்றோடு ஆர்வம் வடிந்துவிடும்.

பலன் தெரிந்ததா என்று பார்க்கத் திருப்திப் படிவம் உதவாது. முதல் நடையிலேயே தீர்ந்த புகார் எத்தனை, 30 நாளுக்குள் அதே சாதனத்துக்கு மறுபடி போனது எத்தனை, பயிற்சிக்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம். எண்ணுவதைச் சாதன அடையாள எண்ணை வைத்து எண்ணுங்கள். புகார் எண்ணை வைத்து எண்ணினால் பழைய புகாரை மூடிவிட்டு அதே பழுதுக்குப் புதுப் புகார் திறந்து கணக்கை அழகாக்கிவிடுவார்கள்.

நகர அளவில் பார்த்தால், யுனெஸ்கோவுக்குக் கற்றல் நகரங்களின் உலக வலையமைப்பு என்று ஒன்று உண்டு. அது சார்ந்த முதல் சர்வதேச மாநாடு 2013-இல் பெய்ஜிங்கில் நடந்தது. சிங்கப்பூர் 2015-இல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர், 25 வயது முதல் ஒவ்வொரு குடிமகனுக்கும் பயிற்சிக்கென்று ஒரு தொகையை அவர் பெயரிலேயே வைத்தது. எதைப் படிப்பது என்பதைத் தனிமனிதர் தேர்ந்தெடுக்க விடுவது நல்ல யோசனை. ஆனால் அவர் தேர்ந்தெடுப்பது தனக்கு அடுத்த வேலை வாங்கித் தருவதை. டெர்மினல் 7-ஐ முடுக்கும் திறன் எந்தப் பட்டியலிலும் கவர்ச்சியாகத் தெரியாது. அதை நகரம்தான் தன் செலவில், தன் ஷிஃப்டுக்குள் தர வேண்டும்.

சாதனம் வாங்கும் ஒப்பந்தத்தில் 'பயிற்சி அளிக்கப்படும்' என்று ஒரு வரி இருக்கும். ஒப்படைக்கும் வாரத்தில் கம்பெனி ஆள் வந்து ஸ்லைடு காட்டுவார், எதிரே அலுவலகத்தில் கை காலியாக இருந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஒரு வருடத்தில் பாதிப் பேர் மாற்றலாகிப் போயிருப்பார்கள். அந்த ஒரு வரியைப் பிரித்து எழுதுங்கள். இருக்கைகளில் பாதி கருவி பிடிக்கும் கைகளுக்கு. ஒப்படைக்கும்போது ஒரு முறை, ஆறாம் மாதம் ஒரு முறை; ஆறாம் மாதம்தான் உருப்படியான கேள்விகள் வரும். அட்மின் பாஸ்வேர்டு, கட்டமைப்பு ஃபைல்கள், மாட்பஸ் முகவரிப் பட்டியல் மூன்றும் கைக்கு வந்தபிறகே கடைசித் தவணை. பயிற்சிப் பலகைக்கென்று அதே மாடலில் ஒரு சாதனம் கூடுதலாக. மாடல் மாறும்போது, ஃபர்ம்வேர் மாறி மெனு இடம் பெயரும்போது, பலகையிலுள்ள பழையதைக் கழற்றிவிட்டு புதியதை மாட்டி, பின்னால் புதிதாக ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். என்ன சுவிட்ச் என்பது அந்த மாதப் பதிவேட்டில் எழுதியிருக்கும்.